மேடு: நலம்

நாள் 1 — 08:10

மேடு-2 நிலையம், நிலவின் தென்முனை. பதிவு செய்பவர்: மங்கையர்க்கரசி.

வானொலி மௌனம் தொடங்கியது. ஒன்பது நாள். பெரிய ஆண்டெனா தொலைவானத்தின் மெல்லிய இரைச்சலைக் கேட்கும்; மற்ற நாட்களில் எங்கள் குரலும் அதன் வழியேதான். அந்த நாட்களில் மேட்டின் இரு நிலையங்களிலிருந்தும் யாரும் எதையும் ஒலிபரப்பக் கூடாது. பீக்கனுக்கு மட்டும் விலக்கு. அது சிறு கம்பி ஆண்டெனா. ரவுட்டர்கள் ஒன்றுக்கொன்று 'இருக்கிறேன்' என்று சொல்லிக்கொள்வதற்கு மட்டும். குரலோ கடிதமோ அதில் ஏறாது. அப்படித்தான் பூட்டியிருக்கிறோம்.

மின்சாரம் சீர். உள்வெப்பம் 21. காற்று சீர்.

மௌனத்துக்கு முந்தைய கடைசிக் குரல் அழைப்பின் பதிவை விதிப்படி இங்கே சேர்க்கிறேன். மலைக்கு அப்பால் உள்ள மையத்திலிருந்து இன்னாசி, மேடு-3இலிருந்து பர்வீன்; அங்கே அவள் மட்டும், இங்கே நான் மட்டும். நாங்கள் மூவரும்தான் லைனில்.

"அக்கா, இனி ஒம்போது நாளைக்குப் பேச மாட்டீங்க. மத்த நாள்ல மட்டும் என்னத்தப் பேசிக் கிழிச்சீங்க?" இது இன்னாசி.

"வேலையைப் பார், இன்னாசி."

"பாத்துட்டுதான் இருக்கேன். எங்க போர்டுல முன்ன மேடு-3ல ரூம் ரூமா தெரியும். இப்ப ஒரே வரி. 'மேடு: நலம்'. பச்சை லைட்டு. உள்ள யாரு என்ன செய்றான்னு ஒரு எழவும் தெரியல."

"தெரிய வேண்டியதில்லை. மேடு இருக்கிறதா, இல்லையா. அது போதும்."

"எல்லாம் என்னோட மிக்ஸியால வந்த வினை, இன்னாசி அண்ணே." இது பர்வீன். "மேடம், சமையலறைல ஒரே ஒரு பிளக் பாயிண்ட். ரூம் கன்ட்ரோலரப் புடுங்கினாத்தான் மிக்ஸி ஓடுது. ஒரு துவையல் அரைக்கக் கூடாதா மனுஷி?"

"ஒவ்வொரு துவையலுக்கும் மையத்தில் சிவப்பு விளக்கு எரிகிறது, பர்வீன்."

"எரியட்டுமே. துவையல் அரைக்கிறான்னா ஆள் உசுரோட இருக்கான்னுதான அர்த்தம்?" இன்னாசி. "சரி, விவரத்த மூடிட்டீங்க. அந்த வரி பக்கத்துல ஒரு காஸ்ட் எண் வருதே, அதையாவது கிராஃப் போட்டுப் பாத்துக்கிட்டு இருப்பேன். நூத்தி முப்பது. அசையவே மாட்டேங்குது. உங்கள மாதிரியே."

அழைப்பு முடியும் முன் இன்னொன்று. தங்கை திலகா மூன்று பக்கம் எழுதியிருந்தாள். 'நலம்' என்று பதில் அனுப்பச் சொன்னேன். இன்னாசி சிரித்தான்.


நாள் 3 — 08:00

எல்லாம் சீர்.

ஆண்டு மதிப்பீட்டுக்காகச் சென்ற மாதம் நான் செய்த மாற்றத்தை ஒரு பத்தியில் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். இங்கேயே எழுதிவைக்கிறேன்.

எங்கள் நெட்வொர்க்கில் ஒவ்வொரு ரவுட்டரும் தன்னோடு இணைந்தவை எவை என்பதை மட்டும் அறிவிக்கும். மற்றவர் அறிவித்ததைத் திருத்தாமல் அப்படியே கடத்தும். ஆகவே ஒரு பகுதிக்குள் எல்லோரிடமும் ஒரே வரைபடம் இருக்கும். நடுவில் உள்ளவர் எதையும் மறைக்க முடியாது. பகுதியின் எல்லையில் மட்டும் சுருக்கலாம். மேட்டின் முப்பத்தொரு முகவரிகளையும் எல்லை ரவுட்டரில் ஒரே வரியாகச் சுருக்கினேன். உள்ளே ஒரு முகவரி உயிரோடு இருந்தாலும் அந்த வரி நிற்கும். பலன்: மையத்தின் பலகையில் தேவையற்ற சிவப்பு விளக்கு இல்லை.

நல்ல வேலை என்று நினைக்கிறேன்.


நாள் 4 — 09:58

09:42க்கு நிலநடுக்கம். பதினாறு வினாடி. நான் கீழே விழுந்தேன். இடது மணிக்கட்டில் வீக்கம், முறிவு இல்லை என்று தோன்றுகிறது.

சூரியத் தகடுகள் இருந்த கம்பம் சாய்ந்துவிட்டது. பெரிய ஆண்டெனா அதன்மேல் கிடக்கிறது. காற்றுக்கசிவு இல்லை. இனி மின்கலம் மட்டும்.

பீக்கன் வேலை செய்கிறது.


நாள் 4 — 11:20

மேடு-3 கிழக்கே நாற்பது கிலோமீட்டர். அங்கே என்ன நடக்கிறது என்பதை அதன் ரவுட்டர் அறிவிப்பதிலிருந்துதான் அறிகிறேன். அங்கே ஒவ்வோர் அறைக்கும் ஒரு கன்ட்ரோலர். ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி. அறையில் அழுத்தம் போனால் கன்ட்ரோலர் அணையும், முகவரி வரைபடத்திலிருந்து விழும்.

09:43 துளையிடும் கூடம் விழுந்தது. 09:43 நடைவழி. 09:51 காற்று இயந்திர அறை. 10:16 படுக்கையறை. 10:17 கழிப்பறை.

சமையலறை நிற்கிறது. ஆனால் நிலையாக இல்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மறைகிறது, சரியாக இருபது வினாடியில் திரும்ப வருகிறது. முதலில் பழுது என்று குறித்தேன். ஐந்து முறை அளந்தேன். பழுது இத்தனை ஒழுங்காக வராது.

பர்வீன் பிளக்கைப் பிடுங்கிச் செருகுகிறாள். அவளுக்கு ரவுட்டர் தெரியாது, துளையிடுவதுதான் அவள் வேலை. ஆனால் அந்தப் பிளக்கைப் பிடுங்கினால் எங்கோ சிவப்பு விளக்கு எரியும் என்று தெரியும். நான்தான் சொல்லிக்கொண்டே இருந்தேனே.

சமையலறையில் அவசரக் காற்று உருளை ஒன்று. ஒருவருக்கு முப்பது மணி நேரம். நாளை 15:40 வரை.


நாள் 4 — 13:30

மையம் வராது.

எல்லை ரவுட்டர் வெளியே சொல்வதை இங்கிருந்து பார்க்க முடியும். 'மேடு: நலம்.' பச்சை. நானும் ஒரு சமையலறையும் மிச்சம், அது போதும் அந்த வரிக்கு. பர்வீன் பிடுங்கும் பிளக் என் சுருக்கத்தைத் தாண்டவில்லை. மௌனம் முடிய இன்னும் ஐந்து நாள். அதுவரை எங்கள் குரல் வராததை யாரும் கேட்கப்போவதில்லை.

நடந்து போக முடியாது. உடுப்பில் எட்டு மணி நேரக் காற்று.

பீக்கனில் வேறு செய்தி ஏறுமா என்று ஒரு மணி நேரம் முயன்றேன். ஏறவில்லை. நன்றாகப் பூட்டியிருக்கிறோம்.

புதிய முகவரிகளை உருவாக்கி எண்களில் செய்தி எழுதி அறிவித்தேன். வரைபடத்தில் அழகாக வந்தன. எல்லையில் என் சுருக்கம் விழுங்கியது.

மிச்சம் ஒரே வழி. என் ரவுட்டரை அணைத்தால் மேடு-3இன் பாதையும் என்னோடு போகும். வரி அழியும், சிவப்பு எரியும். விதிப்படி ரோவர் புறப்படும். மையத்தில் இருப்பது ஒரு ரோவர், ஆளில்லாதது. ஒரு திசைக்குத்தான் மின்சாரம். எதுவும் தெரியாதபோது அருகிலுள்ள நிலையத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி.

அருகிலுள்ளது நான்.


நாள் 4 — 15:05

அணைக்கப் போனேன். கை விசையில் இருந்தது. அணைக்கவில்லை.

காஸ்ட்.

இதைப் படிப்பவர் நெட்வொர்க் தெரியாதவராக இருக்கலாம். காஸ்ட் என்பது ஒரு வழி எத்தனை கடினம் என்று சொல்லும் எண். சுருக்கிய வரியோடும் ஓர் எண் போகும்: உள்ளே இருப்பவற்றில் மிகத் தொலைவானதன் காஸ்ட். முகவரிகளை மூடினேன். எண்ணை மூடவில்லை, மறந்துவிட்டேன். மேடு-3க்கான வழி என் வழியே போவதால் அந்த எண் என் கையில்.

இன்னாசி கிராஃப் போடுவதாகச் சொன்னான். வாய்ச்சவடாலாகவும் இருக்கலாம்.

15:10 எண்ணை 12 ஆக்கினேன். ஒரு நிமிடம் கழித்து 18. பிறகு 216. பிறகு 247. உயிர், மெய், உயிர்மெய், மொத்தம். தமிழ்ப் பள்ளியில் படித்த எவனுக்கும் புரிய வேண்டும். ஆறு முறை திருப்பி அனுப்பினேன்.

பிறகு 'மூன்று' என்று மூன்று எழுத்து, ஒவ்வொன்றும் 247இல் அதன் வரிசை எண்ணாக. அதையும் பலமுறை. எல்லை ரவுட்டர் நிமிடத்துக்கு ஓர் எண்தான் ஏற்கும்.


நாள் 4 — 17:10

பதில்.

மையம் எங்களுக்குள் அறிவிப்பது ஒரே வழி: 'மற்றதெல்லாம் என் வழியே.' அதற்கும் ஒரு காஸ்ட் உண்டு. என்றும் 10. 16:31க்கு அது 7 ஆயிற்று. பிறகு 31. 236. 14. 33.

எழுத்தாக்கினேன். "எகனாங்கி."

இப்படி ஒரு சொல் இல்லை. மறுபடி வந்தது. அதே எண்கள். மறுபடி. அவன் அங்கே இருக்கிறான், பேசுகிறான், எனக்குப் புரியவில்லை. என் கணக்கை நான்கு முறை சரிபார்த்தேன். தவறில்லை. இந்த நாற்பது நிமிடத்தில் பர்வீன் நான்கு முறை பிளக்கைப் பிடுங்கினாள்.


நாள் 4 — 17:15

ஆய்த எழுத்து.

முதல் எழுத்து எ, அது சரி. உயிரெழுத்துவரை இருவருக்கும் ஒன்று. அதற்குப்பின் எல்லாம் ஓர் இடம் தள்ளியிருக்கிறது. நான் இலக்கண வகுப்பின் முறையில் எண்ணினேன்: உயிர், மெய், உயிர்மெய், கடைசியில் ஆய்தம், 247. இன்னாசி எண்ணியது பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் அட்டையை. அதில் ஔவுக்குப் பக்கத்திலேயே ஃ. பதின்மூன்று.

ஒன்று குறைத்துப் படித்தேன். "என்னக்கா."

நான் தவறில்லை. அவனும் தவறில்லை. ஒரு புள்ளி எழுத்துக்காக முக்கால் மணி நேரம் போயிற்று. இனி அவன் அட்டைப்படி.


நாள் 4 — 18:25

மணிக்கட்டு வீங்கிவிட்டது. வலக்கையால் தட்டுகிறேன். பரிமாற்றம் வருமாறு, எழுத்துக்கு ஒரு நிமிடம், இரு திசையிலும் ஒரே நேரத்தில் போகும் என்பதை நினைவில் கொள்க.

நான்: "பர்வீன் சிக்கினாள்."

இன்னாசி: "முற்றீ முற்றீன்னு அனுப்புனீங்க. முறுக்கு கேக்கறீங்களோன்னு பாத்தேன்."

இதற்கு முப்பது நிமிடத்துக்குமேல் செலவழித்தான். திட்ட நேரமில்லை.

நான்: "மூன்றுக்கு ரோவர்."

அவன்: "ஒண்ணுதான் இருக்கு."

நான்: "மூன்று."

அவன்: "நீங்க."

நான்: "நலம்."

பிறகு: "இதே பாட்டு." அதன்பின்: "கிளம்பிருச்சு."

18:20க்குப் புறப்பட்டது. இருபது மணி நேரம். நாளை 14:20க்குச் சேரும். உருளை 15:40 வரை.

நலம் என்பதன் விவரம், இந்தக் குறிப்புக்கு மட்டும்: மின்கலத்தில் இருப்பது ஹீட்டருக்கும் ரவுட்டருக்கும் சேர்த்து ஐந்து மணி நேரம் வரும். ரவுட்டருக்கும் உடுப்பின் சூட்டுக்கும் மட்டும் என்றால் இருபதுக்குச் சற்று மேல். ஹீட்டரை 18:24க்கு அணைத்தேன். உள்வெப்பம் 19.


நாள் 5 — 02:00

உள்வெப்பம் −3. உடுப்புக்குள் இருக்கிறேன். உடுப்பின் சூடும் மின்கலத்திலிருந்துதான், பாதியில் வைத்திருக்கிறேன்.

சமையலறை பத்து நிமிடத்துக்கு ஒருமுறை. சில நேரம் பதினொன்று. உறங்கிப்போய் விழிக்கிறாளோ. அவளுக்கு ரோவர் வருவது தெரியாது. யாராவது பார்க்கிறார்களா என்பதே தெரியாது. ஆனாலும் பிடுங்குகிறாள்.

அவளோடு இரண்டு ஆண்டில் நான் பேசியதெல்லாம் அந்த மிக்ஸியைப் பற்றித்தான்.


நாள் 5 — 06:48

−14.

கடைசியாகச் சமையலறை சிமிட்டியது 06:02. பிறகு இல்லை.

மேடு-3 ரவுட்டர் தன் அறிவிப்பை அரை மணிக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஒவ்வோர் அறிவிப்புக்கும் வயது உண்டு, வினாடியில். 3600 ஆனால் எல்லா வரைபடத்திலிருந்தும் அழியும். மேடு-3இன் கடைசி அறிவிப்புக்கு இப்போது வயது 2580. புதுப்பிக்கும் நேரம் தாண்டிவிட்டது. 07:05க்கு மேடு-3 இருக்காது.

ரோவர் 07:20க்குக் கவட்டுப் பாதைக்கு வரும். வலப்பக்கம் மேடு-3. இடப்பக்கம் நான். மேட்டுப் பகுதிக்குள் வந்துவிட்டதால் அதற்கு மையத்தின் கட்டளை எட்டாது, மலை மறைக்கிறது. எங்கள் வரைபடத்தை வாங்கி அதன்படி ஓடும். போக வேண்டிய முகவரி வரைபடத்தில் இல்லையென்றால், இருப்பதில் அருகிலுள்ளதற்குத் திரும்பும்.

நான் எதுவும் செய்ய வேண்டாம். சும்மா இருந்தால் அது என்னிடம் வரும். மதியத்துக்குள்.


நாள் 5 — 06:57

வயது 3120.

இரண்டு சாத்தியம். அவளுடைய ரவுட்டரின் மின்கலம் தீர்ந்தது. அல்லது அவள் தீர்ந்தாள், அதன்பின் ரவுட்டரும் தீர்ந்தது. எது என்று தெரிந்துகொள்ள வழியில்லை. ஆதாரம் இல்லாமல் நான் எதையும் எழுதியதில்லை. முப்பது ஆண்டு வேலையில் ஓர் எண்ணைக்கூட ஊகித்து நிரப்பியதில்லை.

உருளையில் காற்று இன்னும் எட்டரை மணி நேரம் இருக்க வேண்டும். கணக்குப்படி. கணக்கு ஆதாரமாகாது.

இன்னாசியைக் கேட்கலாம். கேட்டால் அவன் என்ன சொல்வான் என்று தெரியும். அதனால் கேட்கவில்லை.


நாள் 5 — 07:03

வயது 3480. செய்தவற்றைப் பதிவு செய்கிறேன். விசாரணை நடந்தால் பொறுப்பு என்னுடையது.

ஒன்று: மேடு-3 சமையலறையின் முகவரியை என் ரவுட்டரின் அறிவிப்பில் சேர்த்தேன், என்னோடு இணைந்தது போல. அது என்னோடு இணைந்ததல்ல. இருக்கிறதா என்றே தெரியாது. ரோவர் முகவரி உயிரோடிருக்கிறதா என்று மட்டும் பார்க்கும், இடத்தை அதன் நிலப்படத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். தான் அறியாததை அறிவிப்பதுதான் எங்கள் தொழிலில் செய்யக்கூடாத ஒரே காரியம். ஒரு ரவுட்டர் பொய் சொன்னால் எல்லா வரைபடமும் பொய்.

இரண்டு: மேடு-2 நிலையத்தின் முகவரியை அறிவிப்பிலிருந்து நீக்கினேன். ரவுட்டர் பேசும். ஆனால் அது நிற்கும் வீடு வரைபடத்தில் இல்லை.

07:05 மேடு-3இன் அறிவிப்பு அழிந்தது. என் பொய் மட்டும் நிற்கிறது.


நாள் 5 — 07:24

வலப்பக்கம் திரும்பியது.

ரோவருக்கும் எனக்கும் இடையே காஸ்ட் ஏறிக்கொண்டிருக்கிறது. தொலைவாகப் போகிறது.


நாள் 5 — 10:15

−21. கையுறையோடு தட்டுவதால் பிழைகள் இருக்கும்.

இன்னாசி ஒரு மணி நேரமாக அனுப்புகிறான். "பேசுங்க." "திலகா கேக்குறாங்க." "என்ன எழுத." நான் பதில் சொல்லவில்லை. எழுத்து அனுப்பத் தனியாக மின்சாரம் செலவாகாது, அது காரணமில்லை. ஒரு விவரம் சொன்னால் அடுத்ததைக் கேட்பான்.

செத்தவளுக்கு ரோவரை அனுப்பிவிட்டேனா.

இதை எழுதியதும் அழிக்கப் போனேன். இருக்கட்டும்.


நாள் 5 — 12:40

−26. உடுப்பின் சூட்டைக் கால்பங்காக்கினேன். கால்விரல் தெரியவில்லை. ரவுட்டரின் பச்சை விளக்கை ஒரு மணி நேரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 'இருக்கிறேன்', 'இருக்கிறேன்'. பத்து வினாடிக்கு ஒருமுறை. எத்தனை சுலபமாகச் சொல்கிறது.

பர்வீன் துவையல் ஒரு டப்பா அனுப்பியிருந்தாள். சென்ற மாதம், இந்த ரோவரில். திறக்கவில்லை. அலமாரியில் இருக்கிறது. இப்போது கல்லாகியிருக்கும்.

அவள் வந்தால் சொல்லுங்கள். அவள் வந்தால்.


நாள் 5 — 14:31

ரோவர் நின்றது. காஸ்ட் பதினொரு நிமிடமாக மாறவில்லை. அங்கேதான்.

அதற்கு இயந்திரக் கைகள் உண்டு. கதவைத் தேடும். ரோவரில் படுக்கை ஒன்று. அதற்கும் ஒரு முகவரி, மையத்தின் வரிசையில்; என் சுருக்கம் அதை விழுங்காது. அதில் கிடப்பவருக்கு நாடி இருந்தால் மட்டும் அறிவிக்கப்படும். அந்த விதியை எழுதியது யார் என்று நினைவில்லை. நானாகவும் இருக்கலாம்.

வரைபடத்தில் பார்க்கிறேன். இல்லை.


நாள் 5 — 14:44

இல்லை.


நாள் 5 — 14:52

இல்லை. மின்கலம் 2 சதவீதம்


நாள் 5 — 14:58

ரோவர் படுக்கை. வயது 4 வினாடி.

மறுபடி பார்த்தேன். வயது 9. வயது 15. இருக்கிறது. நாடி இருக்கிறது. நான் அறிவித்தது பொய் இல்லை, தெரியாமல் சொன்னேன் அவ்வளவுதான்


நாள் 5 — 15:03

பொய் முகவரியை நீக்கிவிட்டேன். என் முகவரியைத் திரும்பச் சேர்த்தேன். யாரும் வருவதற்கு நேரமில்லை என்று தெரியும். வரைபடம் சரியாக இருக்க வேண்டும்.

இன்னாசி: "பர்வீன் நாடி தெரியுது. எல்லாரும் அழுறோம். இப்ப சொல்லுங்க. நீங்க."

விரல் மடங்கவில்லை. பேனாவின் முனையால் தட்டுகிறேன். ஐந்து எழுத்து. ஐந்து நிமிடம். மின்கலம் அதுவரை வராது. முதல் இரண்டும் அவன் எப்போதும் பார்ப்பதுதான், அதே பாட்டு என்பான். மூன்றாவதில் ம் வரும் என்று காத்திருப்பான். அங்கே வேறு எண் வரும். அங்கே நிமிர்ந்து உட்காருவான்.

ந. போயிற்று.

ல. போயிற்று.

மி